விரற்கடையளவு இடைவெளி

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் தம் பழைய ஜன்னல்களைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்திக்கொள்ளத் தீர்மானிக்கும்போது, விற்பனையாளர் கொண்டுவந்து காட்டும் மாதிரிச் சட்டத்தின் வழவழப்பையும், கண்ணாடியின் தெளிவையும், கைப்பிடியின் பளபளப்பையும் கண்டு மனநிறைவுற்று, தாம் கொடுக்கப்போகும் பல ஆயிரம் பவுன்களும் அந்தப் பொருளுக்கே உரிய கிரயம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் அந்தப் பொருளில் குறை காண்பது அரிது. ஏனெனில் கண்ணாடியும் சட்டமும் தொழிற்சாலைக் கூரையின் கீழ், இயந்திரங்களின் துணையோடு, ஒன்றைப்போல் ஒன்றாக உருவாகி வருகின்றன. அவை வந்து சேரும் சுவரோ, பல தலைமுறைகளுக்கு முன்பு யாரோ ஒரு கொத்தனார் மழைக்கும் குளிருக்கும் நடுவே கையால் கட்டியது. அதன் ஜன்னல் வாய் ஒரு பக்கம் சற்று அகன்றும் மறு பக்கம் சற்றுச் சாய்ந்தும் இருக்கும். மட்டம் பிசகாத சட்டத்துக்கும் மட்டமில்லாத அந்தச் சுவருக்கும் நடுவே, விரற்கடைக்கும் குறைவாக எஞ்சி நிற்கும் இடைவெளியை பொருத்த வந்த ஆட்கள் எவ்விதம் கையாண்டார்கள் என்பதில்தான் வேலையின் தராதரம் அடங்கியிருக்கிறது. அந்த இடைவெளி காலையில் திறந்து கிடக்கும், மாலைக்குள் மூடப்பட்டுவிடும்.

இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. வீட்டுக்காரரின் கண்ணில் உடனே படுகின்றவை, அதாவது விடியற்காலையில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்திருக்கும் பனி, எதிர்வீட்டின் பிரதிபிம்பத்தில் தெரியும் நெளிவு, சாய்ந்த வெயிலில் தோன்றும் மங்கிய வர்ணக்கோடுகள் முதலானவை, பெரும்பாலும் குறைகளே அல்ல. வருஷக்கணக்கில் குளிரையும் ஈரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரும் மெய்யான குறைகளோ, வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னாலும் சிலிகான் பூச்சுக்கு அடியிலும் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கும். எனவே வீட்டுக்காரர் கோபிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டு, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் கோபித்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குத் தச்சுவேலையில் தேர்ச்சி வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் சிறிதளவு நினைவிருந்தால் போதும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்படுத்தினால் உஷ்ணம் வெளியேறுவது மட்டுப்படும் என்னும் யோசனை புதியதன்று. நியூயார்க் நகரத்துத் தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் 1865-ஆம் ஆண்டிலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் குற்றமற்ற தட்டைக் கண்ணாடி மலிவாகக் கிடைத்தால்தானே இரண்டாவது கண்ணாடியைப் பற்றிச் சாமானியர் சிந்திக்க முடியும்? உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை அலஸ்டேர் பில்கிங்டன் என்பவர் 1950-களில் கண்டறிந்து, அவர் பணியாற்றிய செயின்ட் ஹெலன்ஸ் ஊர்க் கண்ணாடிக் கம்பெனி அதனை 1959-இல் உலகுக்கு அறிவித்தபிறகே அந்த வசதி வந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் பிரிட்டிஷ் குடும்பங்கள் எரிபொருட் செலவைக் குறைக்க வழி தேடின. இரட்டைக் கண்ணாடி வியாபாரம் தெருத்தெருவாகப் பரவிற்று. அந்த வியாபாரிகள் வாசற்படியை விட்டு நகராமல் பேசிப் பேசியே கையெழுத்து வாங்கிய திறமை எத்தகையதென்றால், அந்நாட்டில் இன்றும் ஒருவரைப் பிடிவாதமான விற்பனைக்காரர் என்று பரிகசிக்க வேண்டுமானால் இரட்டைக் கண்ணாடி விற்பவரோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

கண்ணாடி தன்னளவில் உஷ்ணத்தைத் தடுப்பதில் வல்லதன்று. அசையாமல் நிற்கும் காற்றோ கண்ணாடியைவிட நாற்பது மடங்கு மந்தமாகவே உஷ்ணத்தைக் கடத்துகிறது. ஆர்கான் வாயு அதனினும் மந்தம். ஆகவே தடுப்பது கண்ணாடியன்று, கண்ணாடிகளால் அடைபட்டு அசைவற்று நிற்கும் வாயுவே ஆகும். வாயுப்படலத்தின் கனம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் இருப்பது உத்தமம். அதற்கு மேல் போனால் உள்ளேயிருக்கும் வாயு வெதுவெதுப்பான பக்கத்தில் மேலெழுந்தும் குளிர்ந்த பக்கத்தில் கீழிறங்கியும் சுழலத் தொடங்கி, தான் தடுக்க வேண்டிய உஷ்ணத்தைத் தானே சுமந்துசெல்லும். எஞ்சிய உஷ்ணம் கதிர்வீச்சாகத் தாவுவதைத் தடுக்க, உட்பக்கக் கண்ணாடியின் மறைந்த முகத்தில் கண்ணுக்குப் புலனாகாத உலோகப் படலம் ஒன்று பூசப்படுகிறது.

இதன் பலனை எண்களில் காணலாம். அறைக்குள் 20 டிகிரியும் வெளியே 0 டிகிரியும் நிலவும் ஓர் இரவில், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறக்குறைய 5 டிகிரிக்குக் குளிர்ந்துபோகும். படலம் பூசாத பழைய வகை இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 13 டிகிரி அளவில் நிற்கும். ஆர்கானும் உலோகப் படலமும் சேர்ந்த புதிய வகையிலோ அது 17 டிகிரியை எட்டும். அதே அறையில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் காற்றிலுள்ள நீராவி 9 டிகிரிக்குச் சற்று மேலேயே பனியாகப் படியத் தொடங்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் குளிர்காலம் முழுவதும் அழுது வடிந்ததற்கும், அவற்றின் மரச்சட்டங்கள் அடியிலிருந்து உளுத்துப்போனதற்கும் காரணம் இந்த ஓர் எண்தான்.

இந்த நன்மைகள் யாவும் கண்ணாடிக்கு உரியவை. அதைச் சுற்றியுள்ள இடைவெளி அடைபட்டால்தான் அவை வீட்டுக்காரருக்கு உரியவையாகும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அகலமும் உயரமும் 120 சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுர ஜன்னலின் சுற்றளவு 480 சென்டிமீட்டர். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் வெறும் 2 மில்லிமீட்டர் வெடிப்பு அடைபடாமல் நின்றுவிட்டதென்று கொண்டால், அதன் மொத்தப் பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதாவது வீட்டுச் சுவரில் உள்ளங்கையகலச் சதுர ஓட்டை ஒன்றைக் குடைந்து திறந்து வைத்ததற்குச் சமானம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் நாளில் அந்த ஓட்டையின் முன் 60 பாஸ்கல் அழுத்தம் வந்து நிற்கும். பிறகு கண்ணாடிக்குள் ஆர்கான் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

அப்படியானால் இடைவெளியே வைக்காமல் சட்டத்தைச் சுவரோடு இறுக்கிப் பொருத்திவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அது இடைவெளியை அடைக்காமல் விடுவதைவிடப் பெரிய பிழை. சட்டத்துக்குப் பயன்படும் யூ.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக், உஷ்ணத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதில் செங்கல்லைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்தது. 2 மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டம் கடுங்குளிருக்கும் கோடைவெயிலுக்கும் நடுவே 5 மில்லிமீட்டரளவு நீண்டு குறுகக்கூடும், கருநிறச் சட்டமாயின் இன்னும் சற்று அதிகம். விரிவதற்கு இடமில்லாத சட்டம் வில்லாக வளையும்; வளைந்த சட்டத்தில் கதவு சிக்கும். ஆகையால் அளவெடுக்க வரும் ஆள் சுவர்வாயை மூன்று இடங்களில் குறுக்காகவும் மூன்று இடங்களில் நெடுக்காகவும் அளந்து, கிடைத்தவற்றுள் மிகச் சிறிய அளவை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் வீதம் கழித்து ஆர்டர் கொடுப்பது வழக்கம். வேலையின் தரம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அவசரக்காரர் ஒரே இடத்தில் அளப்பார். அல்லது எப்படியும் உள்ளே போய்விட வேண்டும் என்னும் அச்சத்தினால் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் கழித்துவிடுவார். அவ்விதம் சிறுத்து வந்த சட்டத்தின் நான்கு புறமும் அகன்ற வெள்ளைப் பட்டைகள் ஒட்டப்பட்டிருப்பதைப் பிறகு காணலாம். பட்டை ஒட்டுவதே குற்றம் என்பதில்லை. பழைய பூச்சு உதிர்ந்த இடத்தை மூட அது வேண்டியிருக்கும். ஆனால் உள்ளேயும் வெளியேயும், எல்லா ஜன்னல்களிலும், ஒரே அகலமாகப் பட்டைகள் ஓடுமானால் அவற்றின் பின்னே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

பழைய ஜன்னல் வெளியே போய், புதிய சட்டம் கண்ணாடியில்லாமல் சுவர்வாயில் நிற்கும் அந்த அரைமணி நேரமே பரீட்சைக்கு உரிய காலம். தேநீர் கொடுக்கும் சாக்கிலாவது அப்போது அந்த அறைக்குள் போய்விடுவது நலம். சட்டத்தின் கீழேயும் பக்கங்களிலும் பல வர்ணங்களில் சிறு பிளாஸ்டிக் தகடுகள் சொருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு வர்ணமும் ஒரு கனத்தைக் குறிக்கும். அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும் குறைத்தும் சட்டத்தை மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். கைதேர்ந்தவர் ரசமட்டத்தைக் கீழ்ச்சட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பார், பக்கச் சட்டத்தின் முகத்திலும் விளிம்பிலும் தனித்தனியே வைத்துப் பார்ப்பார், பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு கர்ணங்களும் சமமாக இருக்கின்றனவா என்று அளப்பார். கர்ணங்கள் சமமானால் மூலைகள் செங்கோணம். இதற்குமேல் க்ஷேத்திர கணிதம் இங்கே தேவையில்லை.

அடுத்து, திருகாணிகள். பிரிட்டிஷ் தரநிர்ணயத்தில் ஜன்னல் பொருத்துவதற்கென்றே பி.எஸ். 8213-4 என்னும் நடைமுறை விதித்தொகுப்பு ஒன்று உள்ளது. அதன்படி மூலையிலிருந்து 150 முதல் 250 மில்லிமீட்டருக்குள் ஒரு திருகாணியும், அதன்பின் 600 மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் ஏனைய திருகாணிகளும் சட்டத்தின் வழியே சுவருக்குள் இறங்க வேண்டும். திருகாணி போகும் இடத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தகடு இல்லாவிட்டால், திருகத் திருகச் சட்டம் சுவரை நோக்கி இழுபட்டு வளையும். பழைய செங்கல் பொரிந்துபோய்த் திருகாணி பிடிக்காமல் சுற்றுவதும் உண்டு. அப்போது வேறு துளையிடாமல், பீச்சினால் பொங்கிப் பெருகும் நுரையை இடைவெளியில் நிரப்பிவிட்டு, அது காய்ந்தால் கல்லாகிவிடும் என்று சமாதானம் சொல்வோர் இருக்கிறார்கள். நுரை காற்றை அடைக்கும், உஷ்ணத்தைத் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. அதையே அளவுக்கு மிஞ்சிப் பீச்சினால், பெருகும் வேகத்தில் மெல்லிய சட்டத்தை உள்நோக்கித் தள்ளி வளைத்தும்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, மற்ற யாவற்றினும் முக்கியமானது. அந்நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில், முகப்பில் துருத்தி நிற்கும் ஜன்னலின் மரத்தூண்கள் வெறும் ஜன்னற்கட்டைகள் அல்ல. மேல்மாடியின் பாரத்தையோ கூரையின் பாரத்தையோ அவையே தாங்கி நிற்கின்றன. வேறு சில வீடுகளில் வெளிச்சுவரின் செங்கல் வரிசை, லிண்டல் ஏதுமின்றி, மரச்சட்டத்தின் தலைமேலேயே அமர்ந்திருக்கிறது. அம்மரத்தை அறுத்தெறிந்துவிட்டு, பாரம் தாங்குவதற்காகச் செய்யப்படாத பிளாஸ்டிக்கை அங்கே வைத்தால் வீடு உடனே இடிந்து விழாது. மெல்ல மெல்ல இறங்கும். ஜன்னலுக்கு மேலே படிக்கட்டுப்போல் ஏறும் விரிசல், மேல்மாடி ஜன்னல் திடீரென்று திறக்க மறுப்பது, சட்டத்தின் தலைப்பகுதி கீழ்நோக்கித் தொய்வது ஆகியவை அதன் லக்ஷணங்கள். துருத்தி நிற்கும் ஜன்னலின் மூலைகளில் பாரந்தாங்கும் உலோகக் கம்பங்கள் வைக்கப்படுமா, லிண்டல் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள் என்னும் வினாக்களை ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்க வேண்டும். வேலை தொடங்கியபின் கேட்டால், வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சட்டம் நின்றபின் கண்ணாடி வருகிறது. கண்ணாடியின் எடை பலர் நினைப்பதைவிட அதிகம். 4 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகள் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோ. பக்கவாட்டில் கீல் கொண்ட, 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமுமான கதவில் 14 கிலோவுக்கு மேற்பட்ட கண்ணாடி உட்காருகிறது. பிளாஸ்டிக் கதவின் மூலைகள் தாமாகவே அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்க வல்லவையல்ல. ஆதலால் கண்ணாடியையே உறுப்பாகக் கொண்டு கதவை விறைப்பாக்கும் ஒரு யுக்தியைத் தொழிலாளர் கையாளுகிறார்கள். கீல் இருக்கும் பக்கத்தின் அடிமூலையிலும், அதற்கு நேர் எதிராகக் கைப்பிடிப் பக்கத்தின் மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே தகடுகளை இறுக்கிச் சொருகுவார்கள். அப்போது கண்ணாடி குறுக்கு விட்டமாக நின்று, கைப்பிடிப் பக்கம் தொங்கிவிடாதபடி அதன் பாரத்தைக் கீலின் அடிக்கு இழுத்துச் செல்லும். தகடுகளை மற்ற இரண்டு மூலைகளில் வைத்தாலோ, வைக்கவே மறந்தாலோ, முதல் நாளில் யாதொரு வித்தியாசமும் தெரியாது. சில மாதங்களில் கதவின் கைப்பிடிப் பக்கம் இறங்கி, மூடும்போது அடிச்சட்டத்தில் உரசும். சில வருஷங்களில் தாழ்ப்பாள் பொருந்தாமல் போகும். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கத்தை மெல்ல மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தால், கீல் அசையாமலிருக்கக் கதவு மட்டும் நெகிழ்ந்து கொடுக்கிறதா என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

அதே தகடுகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. எந்த ஜன்னலும் மழைநீரைப் பூரணமாகத் தடுப்பதில்லை. ரப்பர் விளிம்பைத் தாண்டிச் சிறிது நீர் சட்டத்துக்குள் இறங்கியே தீரும், அதை வடிப்பதற்காகவே அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் நீண்ட துவாரங்கள் விடப்பட்டிருக்கின்றன. தகடுகள் கண்ணாடியை அந்த நீரிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில் தூக்கிப் பிடிக்கின்றன. துவாரங்களைச் சிலிகானால் பூசி அடைத்துவிட்ட ஜன்னலைப் பார்த்தால் மிகவும் ‘சுத்தமாக’ வேலை செய்திருப்பதாகத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் அடிவிளிம்பு நாள்தோறும் நீரில் ஊறி, அதைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை இற்றுவிடும். ஒரு குவளை நீரைக் கதவு திறந்த நிலையில் அடிச்சட்டத்தின் பள்ளத்தில் ஊற்றினால், அது வெளியே வடிகிறதா, உள்ளேயே தேங்குகிறதா, அல்லது எல்லாவற்றினும் மோசமாகச் சுவருக்குள் மாயமாக மறைகிறதா என்பதை ஒரு நிமிஷத்தில் அறியலாம்.

தேங்கிய நீர் கண்ணாடிக்குள் எவ்விதம் புகுகிறது என்பது சுவாரஸ்யமான விஷயம். இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிற்கும் சட்டகத்தின் உட்கூட்டில் ஜியோலைட் என்னும் கனிமத்தின் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. அவற்றிலுள்ள சூக்ஷ்மத் துளைகள் நீராவியின் அணுத்திரள்களை விழுங்கி வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேர்த்தியான அடைப்பின் வழியாகவும் ஆண்டுக்கு ஆண்டு மிகச் சிறிதளவு நீராவி நுழைந்துகொண்டேதான் இருக்கும். மணிகளின் வயிறு நிரம்பும் வரை கண்ணாடி தெளிவாக இருக்கும். நிரம்பியபின் ஒரு குளிர்ந்த காலையில், துடைக்கமுடியாத மூடுபனி இரு கண்ணாடிகளுக்கும் நடுவே தோன்றும். புதிய ஜன்னலில் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் இது நேர்ந்தால், கண்ணாடி தொழிற்சாலையிலேயே பழுதாக வந்திருக்கும், அல்லது நீரில் ஊறிக்கொண்டிருக்கும். கம்பெனியார் கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுக்கும்போது, அடியில் நீர் நின்றதா என்று பார்க்கச் சொல்வது அவசியம். பார்க்காவிட்டால் புதுக் கண்ணாடிக்கும் அதே கதிதான்.

பனி மற்ற இரண்டு முகங்களிலும் தோன்றலாம். அவற்றின் பொருள் வேறு. அறைப்பக்கத்தில் தோன்றும் பனி, அறையின் ஈரத்தைச் சொல்வதேயன்றி ஜன்னலைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. பழைய ஜன்னலின் வெடிப்புகள் வழியே இரவெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்த நீராவி, புது ஜன்னல் வந்தபின் போக்கிடமில்லாமல் நிற்கிறது. மூடியின்றிச் சோறு வடிக்கும் வீட்டிலும், ஈரத்துணியை அறைக்குள்ளேயே உலர்த்தும் வீட்டிலும் அது கண்ணாடியின் அடிவிளிம்பில், உலோகச் சட்டகம் குளிரைக் கடத்தும் இடத்தில், முதலில் படியும். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் மாற்று ஜன்னல்களிலும் சிறு காற்றுவழிகள் வேண்டுமென்று விதிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. வெளிப்புறத்தில் தோன்றும் பனியோ வீட்டுக்காரர் மகிழ வேண்டிய அடையாளம். தெளிந்த வானமுள்ள இலையுதிர்காலத்து இரவில் வெளிக்கண்ணாடி தன் உஷ்ணத்தை ஆகாயத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்துவிட, அதனை ஈடுசெய்ய வீட்டிலிருந்து உஷ்ணம் கசிந்து வரவில்லை என்பதே அதன் பொருள். இதற்காகக் கம்பெனிக்குக் கடுங்கோபமாகக் கடிதம் எழுதுவோர் எத்தனையோ பேர்!

பிரதிபிம்பத்தின் நெளிவும் அத்தகையதே. கண்ணாடிகள் இரண்டும் ஒட்டப்பட்ட தினத்தில் நிலவிய வாயுமண்டல அழுத்தம் நிரந்தரமாக உள்ளே சிறைப்பட்டுவிட்டது. வெளியே அழுத்தம் ஏறினால் கண்ணாடிகள் உள்நோக்கிக் குழியும், இறங்கினால் வெளிநோக்கிப் புடைக்கும். எதிர்வீட்டுப் புகைபோக்கி அதற்கேற்ப வளைந்தும் நிமிர்ந்தும் தோன்றும். வர்ணக்கோடுகள், ஏறக்குறைய ஒரே கனமுள்ள இரண்டு கண்ணாடிகளில் பட்டு மீளும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் விளைபவை. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டரின் பெயரால் வழங்குபவை. கண்ணாடியை விரலால் அழுத்தினால் நகர்ந்து போகும். கீறலையும் புள்ளியையும் ஆராய்வதற்கு அந்நாட்டுக் கண்ணாடித் தொழிலார் வகுத்த முறையும் நியாயமானதே. 2 மீட்டர் தள்ளி நின்று, கடினமாக்கப்பட்ட கண்ணாடிக்கும் படலம் பூசிய கண்ணாடிக்கும் 3 மீட்டர் தள்ளி நின்று, இயற்கை வெளிச்சத்தில், விளிம்பை ஒட்டிய 50 மில்லிமீட்டரை விட்டுவிட்டு, கண்ணாடியின் வழியே பார்க்க வேண்டும். அவ்விதம் பார்த்தும் கண்ணை உறுத்துவதே குறை. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கு இடிக்கப் பார்த்தால் எந்தக் கண்ணாடிதான் தேறும்?

படலம் பூசிய கண்ணாடி வந்ததா என்பதை வீட்டுக்காரரே சோதிக்கலாம். இருட்டிய பின் அறைக்குள்ளிருந்து ஒரு மெழுகுவத்திச் சுடரைக் கண்ணாடியின் அருகே பிடித்தால் நான்கு சுடர்கள் தெரியும், முகத்துக்கு ஒன்றாக. அவற்றுள் ஒன்று மற்றவற்றினின்று நிறம் வேறுபட்டிருக்கும். அது நமக்கு அருகிலிருந்து எண்ண இரண்டாவதாயிருந்தால் கண்ணாடி முறைப்படி நிற்கிறது. மூன்றாவதாயிருந்தால் உள்ளும் புறமும் மாறிப் பொருத்தப்பட்டுவிட்டது. இரவில் உஷ்ணத்தைத் தடுப்பதில் அதனால் மாற்றமில்லை, குளிர்காலத்து வெயில் உள்ளே வருவது சற்றுக் குறையும். நான்கும் ஒரே நிறமாயின் படலமே இல்லை. அது சும்மா விடத்தக்க விஷயமன்று.

கதவு சட்டத்தின்மேல் சமமாக அமர்கிறதா என்று அறிய ஒரு காகிதத் துண்டு போதும். காகிதத்தை விளிம்பில் வைத்துக் கதவை மூடித் தாழிட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் பல இடங்களில் இதைச் செய்தால் எங்கே ரப்பர் இறுகப் பிடிக்கிறது, எங்கே காகிதம் வழுக்கி வருகிறது என்பது தெளிவாகும். வழுக்கும் இடங்கள் கைப்பிடிப் பக்கத்தில் மட்டும் இருந்தால் தாழ்ப்பாளைத் திருத்தினால் தீரும். கீல் பக்கத்தில் இருந்தால் கீலைத் திருத்த வேண்டும். எதிரெதிர் மூலைகளில் இருந்தால் சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம், இதற்குத் தகடுகளிலிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு பரிகாரமில்லை. காற்று பலமாக வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்திச் சென்றால், புகை எங்கே திடீரென்று அறைக்குள் சாய்கிறதோ அங்கே பட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

வெளிப்புறத்துச் சிலிகான் கோட்டைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள். அது ஒரே அகலமாக, இரு கரைகளிலும் ஒட்டி, நடுவில் லேசாகக் குழிந்து ஓட வேண்டும். இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், முதலில் பஞ்சுபோன்ற நுரைக்கயிற்றை உள்ளே செலுத்திவிட்டு அதன்மேல் சிலிகானை இடுவதே முறை. கயிறு இல்லாவிட்டால் பசை பின்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, இரு கரைகளும் விலகும்போது நீள முடியாமல் கிழியும். பழைய பூச்சின் தூசியைத் துடைக்காமல் இட்ட சிலிகான், கரையோரத்தில் நகத்தால் நெம்பினாலே தோல்போல் உரிந்துவரும். கீழே நீண்டிருக்கும் அடிப்பலகை சுவரின் முகத்தைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கிறதா, அதன் அடியில் நீர் சொட்டுவதற்கான பள்ளம் சுவரிலிருந்து விலகியிருக்கிறதா, இரு முனைகளிலும் மூடிகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் உடனே பார்த்துவிடலாம்.

2002 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாற்று ஜன்னல்கள் கட்டட விதிகளுக்கு உட்பட்டவை. ஃபென்சா போன்ற திட்டங்களில் பதிவுபெற்ற கம்பெனிகள் தம் வேலை விதிப்படி முடிந்ததென்று தாமே சான்றளித்துக்கொள்ளலாம்; பதிவில்லாதவர் உள்ளூராட்சியின் கட்டட அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். வீட்டை விற்கும் சமயத்தில் வழக்கறிஞர் அந்தச் சான்றிதழைக் கேட்பார். ஆகையால் அது பத்திரமாக இருக்கவேண்டிய காகிதம். ஆனால் அதனைப் பார்த்து, யாரோ ஒரு நிபுணர் ஒவ்வொரு ஜன்னலாக ஆராய்ந்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. திட்டத்தின் பரிசோதகர்கள் ஒவ்வொரு கம்பெனியின் வேலைகளிலும் ஒரு சிறு பகுதியையே நேரில் காண்கிறார்கள்.

ஆகவே விதிகளுள் எளிதில் அளக்கக்கூடியவற்றை வீட்டுக்காரரே அளந்துகொள்வது உத்தமம். தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குள் வரும் ஜன்னற்கண்ணாடி, உடைந்தாலும் உடலைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஆட்கள் நுழையும் கதவுகளிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் அந்த வரம்பு 150 சென்டிமீட்டர். அத்தகைய கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும். முத்திரை இல்லையேல் அது சாதாரணக் கண்ணாடி என்றே கொள்ளலாம். தீ விபத்தில் தப்பிச் செல்லும் வழியாகக் கருதப்படும் மாடி ஜன்னலில், திறக்கும் வாயின் பரப்பு 0.33 சதுர மீட்டருக்கும், அகலமும் உயரமும் தனித்தனியே 450 மில்லிமீட்டருக்கும் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பழைய ஜன்னல் அகலத் திறந்த இடத்தில், அழகைக் கருதியோ விலையைக் கருதியோ மேற்புறம் மட்டும் சிறிதளவு திறக்கும் ஜன்னலை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இல்லாமலில்லை. அளவுநாடாவைப் பிடித்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் குறைகளைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ‘வேலை சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்பவருக்கு, எல்லாம் சில நாளில் தானே படிந்துவிடும் என்னும் பதில்தான் கிடைக்கும். ‘பின்பக்கப் படுக்கையறையின் இடக்கதவு; கைப்பிடிப் பக்கத்தின் அடிமூலையில் காகிதம் நழுவுகிறது; கர்ணங்கள் 7 மில்லிமீட்டர் வேறுபடுகின்றன; அடிச்சட்டத்தில் ஊற்றிய நீர் வெளியே வரவில்லை’ என்று ஜன்னல்வாரியாக எழுதி, தேதியிட்டு, படம் பிடித்து, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் மேலாளர் கையில் கொடுத்தால், அவர் அந்தக் காகிதத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, எந்தக் கிழமை ஆளனுப்பலாம் என்று கேட்பார்.